கரடுமுரடுப் பாதைக்கு முன் ஃபோர்க்: குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாயைப் பற்றியவை. மண் பாதையிலும் மலைப் பாதையிலும் நெடும்பயணம் போக விரும்புகிறவர்கள், பெரிய செலவில்லாமல் அதை எப்படித் திருத்துவது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், விவரங்களைத் தெளிவாக எழுதியிருந்த சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

திருச்சி வாசகர்: என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இருக்கிறது. என் எடை 94 கிலோ. ஆகஸ்டில் மணாலி வழியாக ஸ்பிதி போகத் திட்டம். பெட்டிகளோடு மண் பாதையில் போனால் பள்ளங்களில் முன்பக்கம் ‘டொக்’ என்று அடிதட்டுகிறது. பிரேக் பிடித்தால் சட்டென்று கவிழ்கிறது. ஃபோர்க்கையே மாற்று என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்னால் செலவழிக்க இயலாது. அதை எதில் போட்டால் பயன்?

பதில்: ஃபோர்க்கை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் இருப்பது 41 மி.மீ. குழாயும் 200 மி.மீ. டிராவலும் கொண்ட ஃபோர்க். டிராவல் என்பது ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையிலிருந்து முழுதாக அமுங்கும் வரையுள்ள தூரம். அந்தத் தூரம் தீர்ந்து முட்டுவதுதான் அடிதட்டுவது. ஸ்பிதிப் பாதைக்கு அந்த 200 மி.மீ. போதும். அதில் எவ்வளவு உங்களுக்கு உண்மையில் கிடைக்கிறது, எவ்வளவு வீணாகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

முதலில் அந்த ‘டொக்’ சத்தம் ஃபோர்க்கிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களை டி-ஸ்டெம்மும் (இரண்டு ஃபோர்க் குழாய்களையும் பிடித்திருக்கும் பாகம்) ஃபிரேமின் கழுத்தும் சேரும் இடத்தில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். விரலுக்கு அடியில் ஆட்டம் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால், கோன் செட் தேய்ந்து குழி விழுந்துவிட்டது. இதைப் பார்க்காமல் ஃபோர்க்குக்குப் பணம் செலவழித்தவர்கள் பலர். கோன் செட் மாற்றும் செலவோ மிகக் குறைவு.

அது சரியாக இருக்கிறது என்றால் அடுத்த வேலைக்கு ஒரு கேபிள் டையும் டேப்பும் போதும். ஃபோர்க் பைப்பைச் சுற்றி, டஸ்ட் சீலுக்கு (தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம்) நேர் மேலே, கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டுங்கள். ரப்பர் உறை இருந்தால் அதன் கிளிப்பைத் தளர்த்தி மேலே ஏற்றிக்கொள்ளலாம். ஃபோர்க் அமுங்கும்போது பாட்டம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்குழாய்) அந்த டையை மேலே தள்ளிவிடும். ஃபோர்க் திரும்பி நீண்டதும் டை அங்கேயே நிற்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் மண் பாதையில், வழக்கமான சுமையோடு ஓட்டிவிட்டு வந்து, முன் சக்கரத்தைத் தூக்கிய நிலையில் டஸ்ட் சீலிலிருந்து டை வரை அளந்தால், அந்தச் சவாரியில் ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். ‘கடினமாக இருக்கிறது’, ‘மென்மையாக இருக்கிறது’ என்று உடம்பு சொல்வதைக் காட்டிலும் இந்த அளவு நம்பத் தகுந்தது. ஏனென்றால், ஸ்பிரிங் மிகவும் விறைப்பாக இருந்தாலும் கை அதிரும்; மிகவும் தளர்ந்து ஃபோர்க் எப்போதும் அடிப்பகுதியிலேயே கிடந்தாலும் கை அதிரும். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

இனி இறக்கத்தை, அதாவது சுமை ஏறியதும் ஃபோர்க் எவ்வளவு தாழ்கிறது என்பதை, அளக்க வேண்டும். முன் சக்கரம் தொங்கும்போது ஃபோர்க் பைப்பின் வெளியே தெரியும் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயணத்துக்கான உடை, பெட்டி எல்லாவற்றோடும் நீங்கள் வண்டியில் ஏறி நில்லுங்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் முன்பக்கத்தை அழுத்தி மெதுவாக மேலே வரவிட்டு ஓர் அளவும், தூக்கி மெதுவாகக் கீழே இறங்கவிட்டு ஓர் அளவும் எடுத்து, இரண்டின் சராசரியைக் கணக்கில் கொள்ள வேண்டும். சீல்களின் உராய்வால் இரண்டு அளவும் ஒன்றாக இராது; அதனால்தான் இந்தச் சராசரி. முதல் அளவிலிருந்து இதைக் கழித்தால் வருவது ஓட்டுநரோடு கூடிய இறக்கம். கரடுமுரடுப் பயணத்துக்கு இது மொத்த டிராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது உங்கள் வண்டியில் 60 முதல் 65 மி.மீ. வரை இருக்கலாம். 94 கிலோ எடையும் பெட்டிகளும் ஏறும்போது அது 80 மி.மீ.யைத் தாண்டினால் நான் வியக்க மாட்டேன். அப்படியென்றால் பள்ளம் வருவதற்கு முன்பே 80 மி.மீ. செலவாகிவிட்டது; பிரேக் பிடித்ததும் இன்னும் பாதி போய்விடும்; மிச்சமிருப்பதில் கல்லை எப்படி வாங்குவது?

இங்கேதான் பலரும் ஸ்பிரிங்கின் மேல் வாஷர் போட்டு விடுகிறார்கள். ஸ்பிரிங்கின் மேல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டையோ வாஷர்களையோ வைத்து அதை முன்கூட்டியே அமுக்கி வைப்பதுதான் ப்ரீலோடு. 10 மி.மீ. கூட்டினால் முன்பக்கம் ஏறக்குறைய 10 மி.மீ. உயரும். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு இம்மி கூட மாறாது. ப்ரீலோடு தருவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே. அடிதட்டுவதை அது கொஞ்சம்தான் தள்ளிப்போடும். இதை உணர்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ப்ரீலோடைக் கூட்டி ஓட்டுநரோடு கூடிய இறக்கத்தை 65 மி.மீ.க்குக் கொண்டுவந்த பின், நீங்கள் இறங்கிக்கொண்டு வண்டியின் சொந்த எடையில் மட்டும் ஃபோர்க் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அது 20 மி.மீ.க்கும் குறைவாகிவிட்டது என்றால், உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதவில்லை என்று பொருள்.

அப்போது விறைப்பான ஸ்பிரிங் வாங்குவதுதான் உங்கள் பணத்துக்கு மிகச் சிறந்த பயன். இணையத்தில் விற்கும் மின்னும் பாகங்கள் எதுவும் எடைக்கேற்ற ஸ்பிரிங்குக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. வாங்கும்போது உங்கள் எடையையும் சுமையையும் சொல்லி, அதற்குரிய விறைப்பைக் கேட்டு வாங்குங்கள். ‘ஹெவி டியூட்டி’ என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அதற்கும் பணம் போதாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 40 சுற்றுகள் உள்ள ஸ்பிரிங்கில் 4 சுற்றுகளை வெட்டினால் விறைப்பு சுமார் 11 சதவீதம் கூடும்; 6 சுற்றுகளை வெட்டினால் சுமார் 18 சதவீதம். குறைந்த நீளத்தை ஸ்பேசர் குழாயால் ஈடு செய்துகொள்ள வேண்டும். சுற்றுகள் ஒருபுறம் நெருக்கமாகவும் மறுபுறம் விலகியும் இருக்கும் ஸ்பிரிங்காக இருந்தால் நெருக்கமான பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். கேஸ் வெல்டிங் சுடரால் வெட்டவே கூடாது. சூடேறிய இடத்தில் ஸ்பிரிங் தன் குணத்தை இழந்துவிடும். கட்டிங் வீலால், இடையிடையே தண்ணீரில் நனைத்து வெட்டி, முனையைத் தட்டையாகத் தேய்த்து, ஸ்பேசருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கனமான வாஷர் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு இது: மிஞ்சிய சுற்றுகளுக்கு இடையேயுள்ள இடைவெளிகளைக் கூட்டினால் வரும் தொகை, டிராவலையும் ப்ரீலோடையும் சேர்த்த தூரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர்க் முழுதாக அமுங்கும் முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி இரும்புத் தடியாகிவிடும். இரண்டு ஸ்பிரிங்கிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பின்பக்கம் சுமையால் தாழ்ந்தால் முன் சக்கரம் இலேசாகி, சரளைக் கற்களில் திசை தப்பும். சி-ஸ்பேனரால் பின் ஷாக்கின் ப்ரீலோடைக் கூட்டிவிட்ட பிறகுதான் முன்பக்க அளவுகளை எடுக்க வேண்டும்.

கோவை வாசகர்: எனது வண்டி எக்ஸ்பல்ஸ் 200. என் எடை 58 கிலோ. சரளைப் பாதையில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு சிறு கல்லும் மணிக்கட்டில் அடிக்கிறது. மெக்கானிக் கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகும் என்று 20 டபிள்யூ ஊற்றினார். இப்போது முன்பைவிட மோசம். அவர் செய்தது தவறா?

பதில்: ஆம், உங்கள் குறைக்கு அது எதிரான மருந்து. இதைப் புரிந்துகொள்ள ஃபோர்க்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வண்டியிலும் ஹிமாலயன் 411-இலும் உள்ளவை எளிய வகை ஃபோர்க்குகள். உள்ளே ஒரு டேம்பர் ராடு நிற்கிறது. அதன் அடியில் சில துளைகள். சக்கரம் மேலே வரும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டும்; அந்த எதிர்ப்புதான் டேம்பிங். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரை மெதுவாக அழுத்தினால் தடையே தெரியாது, வேகமாக அழுத்தினால் கை வலிக்கும் அல்லவா, அதே செயல்தான். துளையின் அளவு மாறாததால் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது; ஃபோர்க் அமுங்கும் வேகம் பத்து மடங்கானால் எதிர்ப்பு நூறு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாகத்தான் அமுங்குகிறது, அதற்குத் தேவையான எதிர்ப்பு கிடைப்பதில்லை. கூரான கல்லில் சக்கரம் ஏறும்போதோ அது மிக வேகமாக அமுங்க வேண்டும். அப்போது துளைகள் அடைத்துக்கொண்டதுபோல் ஆகி, அடி நேராகக் கைக்கு வருகிறது. கவிழ்வதும் கையில் அடிப்பதும் ஒரே ஃபோர்க்கில் சேர்ந்து இருப்பதற்கு இதுவே காரணம்.

கெட்டியான ஆயில் இன்னொரு கெடுதலையும் செய்கிறது. அமுங்கிய ஃபோர்க் திரும்பி நீளும்போது ஆயில் இன்னும் சிறிய துளைகள் வழியே போக வேண்டும். ஆயில் கெட்டியானால் திரும்புவது தாமதமாகும். கற்கள் வரிசையாக வரும்போது முதல் கல்லுக்கு அமுங்கிய ஃபோர்க் முழுதாக நீள்வதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும், பிறகு மூன்றாவது. இப்படி ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, சில மீட்டருக்குள் ஃபோர்க் தன் டிராவலின் கடைசிப் பகுதியில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் மணிக்கட்டு உணர்வது இதைத்தான். முதல் கல்லைவிட ஐந்தாவது கல் கடுமையாக அடிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஐயமே வேண்டாம்.

ஆகவே அந்த ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்துக்குத் திரும்புங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோர்க் ஆயில் டப்பாவில் உள்ள ‘10 டபிள்யூ’ என்ற எண் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. 40 டிகிரி வெப்பத்தில் ஒரு நிறுவனத்தின் 10 டபிள்யூ 35 சென்டிஸ்டோக்குக்கு (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) அருகில் இருக்கும், இன்னொன்றினுடையது 45-ஐத் தாண்டியிருக்கும். நிறுவனத்தின் தகவல் தாளில் இந்தச் சென்டிஸ்டோக் அளவு இருக்கும். அதைப் பார்த்து வாங்குவதே முறை. ஒரே நிறுவனத்தின் 5 டபிள்யூ ஆயிலையும் 10 டபிள்யூ ஆயிலையும் கலந்து இடைப்பட்ட தரத்தைப் பெறலாம். 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை ஃபோர்க்கில் ஊற்றும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அது குளிரில் கெட்டியாகும், கலக்கத்தில் நுரைக்கும்; உங்கள் வண்டிக்கு அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எடைக்கு இறக்கத்தையும் அளந்து பாருங்கள். எக்ஸ்பல்ஸின் முன் டிராவல் 190 மி.மீ. ஓட்டுநரோடு 50 மி.மீ. கூட இறங்கவில்லை என்றால் ப்ரீலோடு உங்களுக்கு அதிகம். ஸ்பேசரைக் கொஞ்சம் குறைக்கலாம்.

இவற்றுக்குப் பிறகும் கை அதிர்கிறது, செலவழிக்கவும் முடியும் என்றால், எமுலேட்டர் எனப்படும் வால்வைப் பற்றி யோசிக்கலாம். அமெரிக்காவின் ரேஸ் டெக், தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ். முதலிய நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. டேம்பர் ராடின் தலையில் உட்காரும் இந்தச் சிறு வால்வை மெயின் ஸ்பிரிங்கே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக அமுங்கும்போது சிறு துளை வழியே மட்டும் ஆயிலை விடும். கல்லில் அடிபட்டு அழுத்தம் ஏறினால் தன் சிறு ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்துகொள்ளும். எளிய ஃபோர்க்கின் பிறவிக் குறையை இது நேராகச் சரிசெய்கிறது. இதைப் பொருத்த டேம்பர் ராடின் கீழ்த் துளைகளை டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டும். வால்வின் உயரத்தை ஸ்பேசரிலிருந்து குறைக்க வேண்டும். துளைத்த ராடைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால் ஒரிஜினல் ராடை வைத்துக்கொண்டு தனியாக ஒரு ஜோடி ராடு வாங்கித் துளைப்பது நல்லது. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அளவில் வால்வு கிடைக்கிறதா என்று, ஃபோர்க் குழாயின் உள்விட்டத்தை அளந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஈரோடு வாசகர்: ஆயில் கூடுதலாக ஊற்றினால் ஃபோர்க் அடிதட்டாது என்கிறார்களே, உண்மையா? ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: உண்மைதான், ஆனால் அளவோடு. ஆயிலுக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்த நிலையில், குழாயின் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை 140 மி.மீ. இருப்பதாக ஒரு மாதிரிக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. டிராவல் என்றால் நீண்ட நிலையில் காற்றின் உயரம் 340 மி.மீ.; முழுதாக அமுங்கும்போது காற்று 2.4 மடங்கு நெருக்கப்படுகிறது. ஆயிலை உயர்த்தி 140-ஐ 100 ஆக்கினால் 300 மி.மீ. காற்று 100 மி.மீ.க்குள், அதாவது 3 மடங்கு நெருக்கப்படும். ஆனால் பாதி டிராவலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது: ஒன்றில் 1.42 மடங்கு, மற்றதில் 1.5 மடங்கு. ஆக, சிறு கற்களில் மென்மை கெடாமல் கடைசிப் பகுதியை மட்டும் விறைப்பாக்க இதைவிட மலிவான வழி இல்லை. கையேட்டு அளவிலிருந்து ஒரு முறைக்கு 10 மி.மீ. வீதம் உயர்த்தி, கேபிள் டையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள். அளவு மீறினால் அழுத்தம் தாங்காமல் ஆயில் சீல் கக்கிவிடும்.

வீட்டில் செய்யலாம், பொறுமை வேண்டும். இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, வண்டி சாயாதபடி கட்டிக்கொள்ளுங்கள். ஃபோர்க்கை டி-ஸ்டெம்மிலிருந்து உருவும் முன்பே, மேல் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, ஃபோர்க்கின் தலை மூடியைக் கால் சுற்று இளக்கிக்கொள்ள வேண்டும். உருவிய பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு அதைத் திறப்பது பெரும்பாடு. மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுந்தி இருப்பதால் கடைசி மரையில் அது துள்ளும். முகத்தை விலக்கி வைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி திறவுங்கள். ஆயிலைக் கவிழ்த்து, ஃபோர்க்கை மெதுவாகப் பலமுறை இயக்கி, மிச்சத்தையும் வடியுங்கள். புது ஆயில் ஊற்றியதும் குமிழிகள் அடங்கும் வரை மீண்டும் இயக்கி, சற்று நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

மட்டத்தைச் சரியாக வைக்க மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சும் சலைன் குழாயும் போதும். சலைன் குழாயின் முனையிலிருந்து தேவையான உயரத்தில், எடுத்துக்காட்டாக 130 மி.மீ.யில், ஒரு டேப் சுற்றி, அந்த டேப் ஃபோர்க் பைப்பின் விளிம்போடு நிற்கும்படி உள்ளே விட்டு உறிஞ்சுங்கள். ஆயில் ஏறுவது நின்று காற்று வரத் தொடங்கும் கணத்தில் மட்டம் அளவாக அமைந்திருக்கும். இரண்டு ஃபோர்க்கிலும் மில்லி கணக்கில் ஒரே அளவு ஊற்றுவதைக் காட்டிலும் இப்படி மட்டத்தை ஒன்றாக்குவதே துல்லியம், ஏனெனில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆயில் இரண்டிலும் ஒரே அளவாக இராது.

திரும்பப் பூட்டும்போது ஒரு செலவில்லாத வேலையை மறக்காதீர்கள். ஆக்சிலை முழுதாக முடுக்கிய பின், பாட்டத்தில் ஆக்சிலைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைச் சில முறை நன்றாக அமுக்கி எழ விடுங்கள். இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாகத் தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு கிளாம்ப்பை முடுக்குங்கள். இந்த ஒரு செயலால் ஃபோர்க்கின் இறுக்கம் விட்டு, புது வண்டிபோல் நழுவத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

தேனி வாசகர்: சேற்றில் ஓட்டி வந்த பிறகு ஒரு பக்கம் ஆயில் கசிகிறது. சீல் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். காய்ந்த மண் துகள் சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் இடையே மாட்டியிருக்கலாம். டஸ்ட் சீலை நெம்பி மேலே ஏற்றி, சுத்தமாகத் துடைத்துவிட்டு, பழைய புகைப்பட ஃபிலிம் அளவு மெல்லிய, ஓரம் பிசிறில்லாத பிளாஸ்டிக் துண்டை ஆயில் சீலுக்குள் நுழைத்துக் குழாயைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுவாருங்கள். மண் வெளியே வந்துவிட்டால் பல நேரம் கசிவு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் குழாயின் மேல் நகத்தால் தடவிப் பாருங்கள். கல் பட்ட வடு இருந்தால் அதை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்காமல் புது சீல் போடுவது வீண். கசிந்த ஆயில் பிரேக் டிஸ்க்கில் பட்டிருந்தால் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடு ஆயிலைக் குடித்திருந்தால் அதை மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.

சேலம் வாசகர்: என் ஹிமாலயன் 411-இல் புதிய 450-இன் தலைகீழ் ஃபோர்க்கைப் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-இல் இருப்பது ஷோவா நிறுவனத்தின் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் இருப்பது). நல்ல ஃபோர்க்தான், முறுக்குக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் டிராவலும் 200 மி.மீ. மட்டுமே. ஃபோர்க், டி-ஸ்டெம், சக்கரம், பிரேக் காலிப்பர், ஏ.பி.எஸ். சென்சார் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, ஒரு பெரிய தொகையைச் செலவழித்த பிறகும் ஒரு மில்லிமீட்டர் கூட உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்காது. ஃபோர்க்கின் நீளமும் டி-ஸ்டெம்மின் ஆஃப்செட்டும் (கழுத்தின் அச்சிலிருந்து ஃபோர்க் முன்னே தள்ளி நிற்கும் தூரம்) மாறினால் வண்டி திரும்பும் குணமே மாறும். அதைச் சோதித்துப் பார்க்கும் வசதி எந்தத் தெருமுனைப் பட்டறையிலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றங்கள் செய்வதைத் தடுக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதே பட்டறை, குழாயின் தலையில் நீட்டிப்புத் துண்டு பொருத்திப் பழைய ஃபோர்க்கையே உயரமாக்கித் தருவதாகச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உயிரை வைத்து ஓட்டும் பாகம் அது. அதிக டிராவல் உண்மையிலேயே தேவை என்றால், 2023-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோவைப் போல 250 மி.மீ. முன் டிராவலோடு கம்பெனியிலிருந்தே வரும் வண்டிக்கு மாறிக்கொள்வது மேல். அதன் சீட் உயரம் 891 மி.மீ. என்பதால் கால் எட்டுமா என்று உட்கார்ந்து பார்த்த பின் முடிவு செய்யுங்கள்.

சென்னை வாசகர்: சென்ற ஆண்டு லடாக் போனபோது உயரமான கணவாய்களில் ஃபோர்க் மரம்போல் ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் சரியாகிவிட்டது. குளிரில் ஆயில் உறைந்ததா?

பதில்: குளிரில் ஆயில் கெட்டிப்பட்டதும் ஒரு பங்கு. ஆனால் பெரும்பங்கு காற்றுடையது. சென்னையில் ஃபோர்க்கின் மூடியை முடுக்கியபோது உள்ளே அடைபட்டது கடல்மட்டத்துக் காற்று. 5,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். உள்ளிருக்கும் காற்று குளிரில் சுருங்கினாலும் வெளியே உள்ளதைவிட அழுத்தம் மிகுந்தே இருக்கும். 41 மி.மீ. குழாய்கள் இரண்டு என்று கணக்கிட்டால், அந்த அழுத்த வேறுபாடு முன்பக்கத்தைச் சுமார் 10 கிலோ விசையோடு மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சீல்களும் குழாயை இறுகப் பற்றிக்கொள்ளும். கசிவு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தீர்வு எளிது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில், மூடியில் காற்றுத் திருகு இருந்தால் அதைத் திறந்து ‘உஸ்’ என்ற ஒலி அடங்கியதும் மூடிவிடுங்கள். திருகு இல்லாத மூடியை, உள்ளங்கையால் அழுத்தியபடி, மரை முழுதும் கழன்றுவிடாமல், காற்று வெளியேறும் அளவு மட்டும் இளக்கி மீண்டும் முடுக்க வேண்டும். மணாலியிலோ லேயிலோ தங்கும் இரவில், வண்டி குளிர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் இதைச் செய்யுங்கள். மலையிலிருந்து இறங்கியதும் அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் குறைந்த நிலையில் ஃபோர்க் தாழ்ந்து நிற்பதோடு, சீலின் உதட்டோரம் தங்கியிருக்கும் மலைத் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே திறப்பதற்கு முன் ஈரத் துணியால் மூடியையும் குழாயையும் துடைத்துவிடுங்கள்.